மருத்துவமனை எப்போது இலக்காகிறது?

2025 மார்ச் 23 அன்று, பொழுது விடிவதற்கு முன், காஸாவின் தென்கோடியில் உள்ள ராஃபாவில் காயமடைந்தவர்களைத் தேடிச் சென்ற ஆம்புலன்ஸ்கள் மீது இஸ்ரேலியப் படையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கத்தினர் எட்டுப் பேர், குடிமைப் பாதுகாப்புப் பணியாளர்கள் ஆறு பேர், ஐ.நா. ஊழியர் ஒருவர் என 15 பேர் இறந்தனர். ஒரு வாரம் கழித்தே அவர்களில் பெரும்பாலோரின் உடல்கள் மணலுக்குள்ளிருந்து மீட்கப்பட்டன. நசுக்கப்பட்ட வாகனங்களும் அங்கேயே புதைந்து கிடந்தன. விளக்குகளை எரியவிடாமல், சந்தேகத்துக்குரிய முறையில் அந்த வாகனங்கள் வந்ததாக இஸ்ரேலிய ராணுவம் முதலில் கூறியது. பின்னர், இறந்த மருத்துவப் பணியாளர் ஒருவரின் கைப்பேசியில் பதிவாகியிருந்த காணொளி வெளியானது. அதில் வாகனங்களின் முகப்பு விளக்குகளும் அவசர விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. ராணுவம் தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டது. ஏப்ரலில் முடிந்த உள்விசாரணை 'தொழில்முறைத் தவறுகள்' நிகழ்ந்ததாக ஒப்புக்கொண்டது. துணைத் தளபதி ஒருவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

இந்தச் சம்பவத்தில் ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். 'ஆம்புலன்ஸைச் சுடக் கூடாது என்ற சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது' என்று ராணுவம் சொல்லவில்லை. அந்த வாகனங்கள் ஆம்புலன்ஸ்களாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னது. இன்றைய போர்களில் ஏறக்குறைய எல்லாத் தரப்புகளும் இப்படித்தான் பேசுகின்றன. சட்டத்தை அவை மறுப்பதில்லை. அதன் விதிவிலக்குக்குள் தங்கள் செயல் அடங்கும் என்று வாதிடுகின்றன. எனவே, சர்வதேசச் சட்டம் செத்துவிட்டது என்று பொத்தாம்பொதுவாகச் சலித்துக்கொள்வதைவிட, அந்த விதிவிலக்கு என்ன, அது எவ்வளவு அகலமானது, அதை அளப்பவர் யார் என்று கேட்பதே பயனுள்ளது என நினைக்கிறேன். போர்ச் சட்டத்தின் மிகப் பழைய விதியான மருத்துவமனைப் பாதுகாப்பை வைத்தே இந்தக் கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம்.

விதியோடு பிறந்த விதிவிலக்கு

1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியின் சோல்ஃபெரினோவில் நடந்த போருக்குப் பின், கவனிப்பாரற்றுக் கிடந்த வீரர்களைக் கண்டார் ஜெனீவா வணிகர் ஹென்றி துனான். அவருடைய முயற்சியின் விளைவாக 1864 ஆகஸ்ட் 22 அன்று 12 நாடுகள் முதல் ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மொத்தம் பத்தே பிரிவுகள். போர்க்கள மருத்துவமனைகள் நடுநிலை உடையவை, அவற்றை இரு தரப்பும் மதித்துக் காக்க வேண்டும் என்றது முதல் பிரிவு. ஆயுதப் படையின் பிடியில் ஒரு மருத்துவமனை இருக்குமானால் அந்த நடுநிலை முடிந்துவிடும் என்றும் அதே பிரிவு சொன்னது. ஆக, விதியும் விதிவிலக்கும் ஒரே நாளில் பிறந்தவை. பாதுகாப்பு நிபந்தனையற்றது என்று சட்டம் ஒருபோதும் சொன்னதில்லை.

1949-ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை இதை மேலும் தெளிவாக்கியது. அதன் 18-ஆவது பிரிவின்படி, குடிமக்களுக்கான மருத்துவமனைகளை எந்தச் சூழ்நிலையிலும் தாக்கக் கூடாது. 19-ஆவது பிரிவு, அந்தப் பாதுகாப்பு எப்போது நீங்கும் என்று வரையறுக்கிறது. மனிதாபிமானப் பணிக்கு அப்பால், எதிரிக்குத் தீங்கு விளைவிக்கும் செயல்களுக்கு மருத்துவமனை பயன்படுத்தப்பட்டால் மட்டுமே நீங்கும். அப்போதும் உடனே தாக்கிவிட முடியாது. முன்கூட்டி எச்சரிக்க வேண்டும். பொருத்தமான இடங்களில் நியாயமான கால அவகாசம் கொடுக்க வேண்டும். எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்ட பிறகே பாதுகாப்பு விலகும். காயமடைந்த போராளிகள் அங்கே சிகிச்சை பெறுவது தீங்கு விளைவிக்கும் செயல் ஆகாது. அவர்களிடமிருந்து பெற்று, உரிய இடத்தில் இன்னும் ஒப்படைக்கப்படாத சிறு ஆயுதங்கள் அங்கே இருப்பதும் அப்படித்தான்.

பாதுகாப்பு நீங்கிய பிறகும் பொதுவிதிகள் தொடர்கின்றன. கிடைக்கக்கூடிய ராணுவப் பயனோடு ஒப்பிடும்போது, குடிமக்களுக்கு நேரும் இழப்பு அளவு மீறியதாக இருக்கக் கூடாது. இழப்பைக் குறைக்க இயன்ற முன்னெச்சரிக்கைகள் எல்லாம் எடுக்கப்பட வேண்டும். மாடியில் துப்பாக்கிதாரி ஒருவன் இருக்கிறான் என்பதற்காகக் கீழே உள்ள பிரசவ வார்டும் டயாலிசிஸ் பிரிவும் இலக்காகிவிடுவதில்லை. மறுபுறம், மருத்துவமனையைக் கேடயமாகப் பயன்படுத்தும் தரப்பும் சட்டத்தை மீறுகிறது. ஆனால், அந்த மீறல் நோயாளிகளின் உரிமையைப் பறித்துவிடாது. ஒருவரின் குற்றத்துக்கு இன்னொருவரின் உயிரை ஈடாகக் கொள்ள இந்தச் சட்டத்தில் இடமில்லை.

இவ்வளவு தெளிவான விதி நடைமுறையில் ஏன் தடுமாறுகிறது? எனக்குத் தெரிந்தவரை மூன்று இடங்களில் அது சறுக்குகிறது: தாக்கியவரின் நோக்கம், பயன்பாட்டுக்கான ஆதாரம், எச்சரிக்கையின் பொருள்.

குண்டூஸ்: நோக்கம் என்ற மறைவிடம்

2015 அக்டோபர் 3 அதிகாலையில், ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு நடத்திவந்த மருத்துவமனையை அமெரிக்காவின் ஏசி-130 ரகப் போர் விமானம் தாக்கியது. 24 நோயாளிகள், 14 பணியாளர்கள், உடனிருந்த உறவினர்கள் நான்கு பேர் என 42 பேர் இறந்தனர். தாக்குதலுக்குச் சில நாள்கள் முன்புதான் மருத்துவமனையின் துல்லியமான இருப்பிடத்தை அந்த அமைப்பு அமெரிக்கத் தரப்புக்கு மீண்டும் தெரிவித்திருந்தது. குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே அதிகாரிகளைத் தொலைபேசியில் அழைத்து நிறுத்தக் கோரியது.

அன்றைய அதிபர் ஒபாமா மன்னிப்புக் கேட்டார். 2016 ஏப்ரலில் வெளியான ராணுவ விசாரணை அறிக்கை, சில நூறு மீட்டர் தள்ளியிருந்த வேறொரு கட்டடம் என்று விமானக் குழுவினர் தவறாகக் கருதிவிட்டதாகக் கூறியது. 16 பேர் மீது துறைரீதியான நடவடிக்கை எடுக்கப்பட்டது. யார் மீதும் குற்றவழக்கு இல்லை. வேண்டுமென்றே செய்யப்படாததால் இது போர்க்குற்றம் ஆகாது என்பது ராணுவத்தின் முடிவு.

இந்த முடிவு சட்டப்படி விவாதத்துக்குரியது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம், 'வேண்டுமென்றே' என்ற சொல்லுக்குள் விளைவைப் பொருட்படுத்தாத அசட்டையும் அடங்கும் என்று 2003-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. சாரயேவோவை முற்றுகையிட்ட செர்பியப் படைப்பிரிவின் தளபதி ஸ்தானிஸ்லாவ் காலிச் மீதான வழக்கு அது. இந்த வழக்கை இன்னொரு காரணத்துக்காகவும் நாம் நினைவில் வைக்க வேண்டும். அந்நகரின் கோஷெவோ மருத்துவமனை வளாகத்திலிருந்தோ அதன் அருகிலிருந்தோ போஸ்னியத் தரப்பு பீரங்கிக் குண்டு வீசியதை நீதிபதிகள் மறைக்கவில்லை. அது பதில் தாக்குதலைத் தூண்டியிருக்கலாம் என்றும் பதிவுசெய்தனர். அதே நேரத்தில், எந்த ராணுவ இலக்கையும் குறிவைக்காமல் மருத்துவமனைக் கட்டடங்களே நேரடியாகத் தாக்கப்பட்ட தருணங்களும் உண்டு என்று கண்டறிந்தனர். தீங்கு விளைவிக்கும் செயலுக்குப் பயன்படும் மருத்துவமனை இலக்காகலாம், ஆனால் முன்னெச்சரிக்கை கட்டாயம் என்று மேல்முறையீட்டு அமர்வு 2006-இல் தெளிவுபடுத்தியது. காலிச்சுக்கு விதிக்கப்பட்ட 20 ஆண்டு சிறைத் தண்டனை அந்த அமர்வில் ஆயுள் தண்டனையாக உயர்ந்தது.

சாரயேவோவில் ஒரு நீதிமன்றம் இருதரப்பு உண்மைகளையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தது. குண்டூஸில் அப்படி ஒரு தராசே வைக்கப்படவில்லை. ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாவது கூடுதல் நெறிமுறையின்கீழ் அமைந்த சர்வதேச மனிதாபிமான உண்மை கண்டறியும் ஆணையம் விசாரிக்கட்டும் என்று 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' கோரியது. அந்த ஆணையம் விசாரிக்க, சம்பந்தப்பட்ட நாடுகளின் சம்மதம் தேவை. அமெரிக்காவும் சம்மதிக்கவில்லை, ஆப்கானிஸ்தானும் சம்மதிக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரே விசாரணைக்கு அனுமதி தர வேண்டும் என்றால், 'நோக்கம் இல்லை' என்ற சொல் கடைசிச் சொல்லாகவே நின்றுவிடும்.

காஸா: ஆதாரம் யாரிடம்?

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸும் பிற ஆயுதக் குழுக்களும் இஸ்ரேலுக்குள் நுழைந்து சுமார் 1,200 பேரைக் கொன்றன. 251 பேரைப் பிணைக்கைதிகளாகக் கொண்டுசென்றன. பிணைக்கைதிகளைப் பிடித்ததே ஒரு போர்க்குற்றம். அதைத் தொடர்ந்த போரில், காஸா நகரின் அல்-ஷிஃபா மருத்துவமனைக்கு அடியில் ஹமாஸின் கட்டளை மையம் இயங்குவதாக இஸ்ரேல் கூறியது. நவம்பர் 15 அன்று படைகள் உள்ளே நுழைந்தன. சில ஆயுதங்களும் ஒரு சுரங்கமும் காட்டப்பட்டன. அக்டோபர் 7 அன்று பிணைக்கைதிகள் அங்கே கொண்டுவரப்பட்ட கண்காணிப்புக் கேமரா காட்சிகளையும் இஸ்ரேல் வெளியிட்டது. அந்த வளாகத்தை ஹமாஸ் பயன்படுத்தியதாக அமெரிக்க உளவுத் துறையும் மதிப்பிட்டது. ஹமாஸ் மறுத்தது. மின்சாரமும் எரிபொருளும் தீர்ந்த அந்த மருத்துவமனையிலிருந்து, குறைமாதத்தில் பிறந்த 31 குழந்தைகளை நவம்பர் 19 அன்று உலக சுகாதார நிறுவனத்தினர் வெளியேற்றினர்.

ஷிஃபா பயன்படுத்தப்பட்டதா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை தேடுவோர் இரு பக்கமும் உண்டு. சட்டம் கேட்பது அந்த ஒற்றைக் கேள்வியை அல்ல. எந்தக் கட்டடம், எந்த நாளில், எந்தச் செயலுக்கு, எவ்வளவு தீவிரமாகப் பயன்பட்டது? எச்சரிக்கைக்குப் பின் அந்தப் பயன்பாடு தொடர்ந்ததா? அதைத் தடுப்பதால் கிடைத்த பயன் என்ன, நோயாளிகள் கொடுத்த விலை என்ன? ஒரு சுரங்கம் இருந்தது என்பதோ, இல்லை என்பதோ இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது.

2023 அக்டோபர் 12 முதல் 2024 ஜூன் 30 வரையிலான காலத்தில், காஸாவில் குறைந்தது 27 மருத்துவமனைகள் மீதும் 12 பிற மருத்துவ நிலையங்கள் மீதும் 136 தாக்குதல்களாவது நடந்ததாக ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையர் அலுவலகம் பதிவுசெய்தது. ராணுவப் பயன்பாடு பற்றிய இஸ்ரேலின் கூற்றுகளுக்குப் போதிய தகவல் பொதுவெளியில் வைக்கப்படவில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. ஒன்றிரண்டு மருத்துவமனைகளில் விதிவிலக்கு பொருந்தியிருக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நிலப்பகுதியின் மருத்துவக் கட்டமைப்பு முழுவதற்கும் அதே விதிவிலக்கு பொருந்தும் என்றால், பிறகு விதி என்று எஞ்சுவது எது?

2025 ஆகஸ்ட் 25 அன்று கான் யூனிஸின் நாசர் மருத்துவமனை அடுத்தடுத்து தாக்கப்பட்டு, பத்திரிகையாளர்கள் ஐவர் உட்படக் குறைந்தது 20 பேர் இறந்தனர். முதல் தாக்குதலுக்குப் பின் மீட்புப் பணியாளர்கள் ஓடிவந்த இடத்திலேயே அடுத்த தாக்குதல் நிகழ்ந்தது. ஹமாஸ் வைத்ததாகக் கருதப்பட்ட கேமரா ஒன்றே இலக்கு என்றது ராணுவத்தின் முதற்கட்ட விசாரணை. அந்தக் கருத்து சரியே என்றாலும், மருத்துவமனைப் படிக்கட்டில் இருந்த ஒரு கேமராவுக்கும் அங்கே கூடியிருந்தோரின் உயிர்களுக்கும் இடையிலான விகிதத்தை அது எப்படி நியாயப்படுத்தும்?

மறுப்பவர்களும் மறைப்பவர்களும்

விதிவிலக்கைக் காட்டி வாதிடுவது ஒரு வழி. நிகழ்வையே மறுப்பது இன்னொரு வழி. 2022 மார்ச் 9 அன்று உக்ரைனின் மரியுபோல் நகர மகப்பேறு மருத்துவமனை தாக்கப்பட்டபோது, அங்கே நோயாளிகளே இல்லை, ஆயுதப் படையினரே இருந்தனர் என்றது ரஷ்யா. இடிபாடுகளிலிருந்து கர்ப்பிணிகள் தூக்கிச் செல்லப்படும் படங்களை உலகம் பார்த்தது. 2024 ஜூலை 8 அன்று கீவ் நகரின் ஓக்மத்தித் குழந்தைகள் மருத்துவமனை மீது ஏவுகணை விழுந்தபோது, அது உக்ரைனின் வான்காப்பு ஏவுகணை என்றது. ரஷ்ய ஏவுகணையே நேரடியாகத் தாக்கியிருப்பதற்கு வாய்ப்பு மிகுதி என்பது ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்பாளர்களின் மதிப்பீடு.

சூடானில் மறுப்பைக்கூட யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2025 அக்டோபர் இறுதியில் டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரை அதிவிரைவு ஆதரவுப் படை கைப்பற்றியபோது, அங்கே எஞ்சியிருந்த சவூதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடனிருந்தோருமாக 460-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. அது உள்நாட்டுப் போர். நாடுகளுக்கிடையிலான போருக்குரிய விதிகள் முழுவதும் அங்கே பொருந்தாது. ஆனால், நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாவது பிரிவு, காயமடைந்தோரையும் நோயுற்றோரையும் பராமரிக்கும் கடமையை ஆயுதக் குழுக்கள் மீதும் சுமத்துகிறது. மருத்துவமனையைத் தாக்குவதை உள்நாட்டுப் போரிலும் போர்க்குற்றமாகவே ரோம் சாசனம் வகைப்படுத்துகிறது. 'நாங்கள் அரசு அல்ல, எங்களுக்குச் சட்டம் இல்லை' என்று யாரும் சொல்லிவிட முடியாது.

புதுக்குடியிருப்பின் பாடம்

இந்த வரிசையில் தமிழ் வாசகருக்கு ஓர் ஊர்ப் பெயர் தானாகவே நினைவுக்கு வரும். 2009 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது எறிகணைகள் விழுந்தன. அங்கிருந்த சர்வதேச செஞ்சிலுவைக் குழு அதை வெளிப்படையாகவே உறுதிசெய்தது. அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே மருத்துவமனை எதுவும் இயங்கக் கூடாது என்ற பொருளில் அன்றைய இலங்கைப் பாதுகாப்புச் செயலர் தொலைக்காட்சிப் பேட்டியில் பேசினார்.

சட்டப்படி மிக ஆபத்தான வாதம் இதுதான். வரைபடத்தில் ஒரு வலயத்தைக் குறித்துவிட்டால், அதற்கு வெளியே உள்ளவர்களின் பாதுகாப்பு போய்விடுவதில்லை. ஒரு மருத்துவமனைக்கான பாதுகாப்பு அது இருக்கும் இடத்தால் வருவதல்ல. அது செய்யும் பணியால் வருவது. இதே வாதம் வேறு வடிவில் 2023 அக்டோபரில் திரும்பி வந்தது. வட காஸாவின் 22 மருத்துவமனைகளைக் காலிசெய்யுமாறு இஸ்ரேல் உத்தரவிட்டபோது, 2,000-க்கும் மேற்பட்ட உள்நோயாளிகளுக்கு அது மரண தண்டனைக்குச் சமம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரை எங்கே கொண்டுபோவது என்பதற்கு விடை தராத எச்சரிக்கை, 19-ஆவது பிரிவு கேட்கும் எச்சரிக்கை அல்ல.

வன்னியில் இருந்த மருத்துவமனைகள் அனைத்தும் தாக்கப்பட்டன, சில திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டன, அவற்றின் இருப்பிடம் அரசுக்கு நன்கு தெரிந்தும் இது நடந்தது என்ற நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாக ஐ.நா. பொதுச் செயலர் நியமித்த நிபுணர் குழு 2011-இல் கூறியது. இலங்கை அரசு அதை நிராகரித்தது. அதே அறிக்கை, விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தனர், தப்பிச் செல்ல முயன்றவர்களைச் சுட்டனர், மருத்துவமனை போன்ற இடங்களின் அருகிலிருந்து பீரங்கித் தாக்குதல் நடத்தினர் என்ற குற்றச்சாட்டுகளையும் பதிவுசெய்திருக்கிறது. நம்மில் பலர் முதல் பகுதியை மேற்கோள் காட்டிவிட்டு இரண்டாவதைத் தாண்டிப் போய்விடுகிறோம். இலங்கை அரசின் ஆதரவாளர்கள் இரண்டாவதை மட்டுமே படிக்கிறார்கள். நானும் முன்பு அப்படித் தாண்டிப் போனவன்தான். இரண்டையும் சேர்த்து வாசிப்பதால் முதல் பகுதியின் கனம் குறைந்துவிடாது என்பதை, சாரயேவோ தீர்ப்பைப் படித்த பிறகே தெளிவாக உணர்ந்தேன். ஒரு தரப்பின் மீறல் மறு தரப்பின் கடமையை ரத்து செய்யாது என்பதுதானே இந்தச் சட்டத்தின் உயிர். அதை ஷிஃபாவுக்குச் சொல்கிறவர் புதுக்குடியிருப்புக்கும் சொல்ல வேண்டும்; மரியுபோலுக்குச் சொல்கிறவர் காஸாவுக்கும் சொல்ல வேண்டும்.

வல்லரசுகள் இந்த ஒற்றை அளவுகோலைத்தான் தவிர்க்கின்றன. மரியுபோல் தாக்குதலை உடனே போர்க்குற்றம் என்று கண்டித்த மேற்கு நாடுகள் பல, காஸா விஷயத்தில் 'விசாரணை முடியட்டும்' என்றன. காஸாவுக்காகப் பேசும் ரஷ்யா, கீவ் குழந்தைகள் மருத்துவமனை குறித்து மறுப்பு அறிக்கை வெளியிடுகிறது. ஆயுதப் போர்களில் மருத்துவப் பணியைப் பாதுகாக்கும் 2286-ஆவது தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை 2016 மே 3 அன்று ஒருமனதாக நிறைவேற்றியது. அதற்குச் சில நாள்கள் முன்புதான் சிரியாவின் அலெப்போவில் அல்-குத்ஸ் மருத்துவமனை குண்டுவீச்சில் தகர்ந்திருந்தது. அவையின் நிரந்தர உறுப்பு நாடுகள் ஐந்தில் நான்கு, இத்தகைய தாக்குதல்களை நடத்திய கூட்டணிகளோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவை என்று 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் தலைவர் அந்த அரங்கிலேயே சுட்டிக்காட்டினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2024-இல் மட்டும் மருத்துவப் பணிக்கு எதிராக 3,600-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் உலகெங்கும் நிகழ்ந்ததாக, 'மோதல்களில் சுகாதாரத்தைப் பாதுகாக்கும் கூட்டமைப்பு' கணக்கிட்டது.

என்ன செய்ய முடியும்?

புதிய உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று சிலர் கோருகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இன்றைய சூழலில் புதிதாக எழுதப்படும் சட்டம் 1949-ஐவிட வலுவாக இருக்காது, பலவீனமாகவே இருக்கும். இருக்கும் விதியை இயங்கவைக்கும் மூன்று வழிகள் கண்ணெதிரே உள்ளன.

முதலாவது, ஆதாரச் சுமை. மருத்துவமனை ஒன்றைத் தாக்கிய தரப்பு, எந்தப் பயன்பாட்டை அடிப்படையாகக் கொண்டு தாக்கியது, எப்போது எச்சரித்தது, இழப்பை எவ்வாறு மதிப்பிட்டது என்பதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் வெளியிட வேண்டும். உளவு ரகசியம் என்ற பதிலுக்கு இடமுண்டு என்றாலும், அதைச் சுதந்திரமான அமைப்பு ஒன்றிடம் காட்ட மறுக்க நியாயமில்லை. சந்தேகம் இருந்தால் பாதுகாப்பின் பக்கமே சாய வேண்டும் என்பது போர்ச் சட்டத்தின் பொதுக் கோட்பாடு. அதைத் தாக்குதலுக்குப் பிந்தைய விசாரணைக்கும் நீட்டிக்க வேண்டும்.

இரண்டாவது, சம்மதத்தைச் சார்ந்திராத விசாரணை. பாதுகாப்பு அவையில் ரஷ்யா வீட்டோவால் முட்டுக்கட்டை போட்டிருந்த நிலையில், 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையே சிரியாவுக்கான சாட்சியம் திரட்டும் அமைப்பை உருவாக்கியது. அப்படித் திரட்டப்படும் சாட்சியங்கள் எங்கோ ஒரு நீதிமன்றத்தை அடைய வழி உண்டு. சிரிய ராணுவ மருத்துவமனைகளில் கைதிகளைச் சித்திரவதை செய்த மருத்துவர் ஒருவருக்கு ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் 2025 ஜூனில் ஆயுள் சிறைத் தண்டனை விதித்தது. டார்ஃபூர் குற்றங்களைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் பாதுகாப்பு அவை அனுப்பியது 2005-இல்; அங்கிருந்த ஜன்ஜவீத் படைத் தலைவர்களில் ஒருவரான அலி குஷயப் குற்றவாளி எனத் தீர்ப்பானது 2025 அக்டோபரில். இருபது ஆண்டுகள் மிக நீண்ட காலம். அந்தத் தீர்ப்பு வந்த அதே மாதத்தில்தான் எல் ஃபாஷர் படுகொலை நடந்தது. தாமதமான நீதி எதையும் தடுக்கவில்லை என்று இதைப் படிக்கலாம். எல் ஃபாஷரின் தளபதிகளும் தங்களுக்கான கோப்பு மூடப்படாது என்று அறிந்துகொண்டார்கள் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது வாசிப்பின் பக்கம் சாய்கிறேன். ஆனால், முதலாவதைச் சொல்பவரைக் குறை கூறமாட்டேன்.

மூன்றாவது, ஆயுதம் கொடுப்பவரின் பொறுப்பு. ஜெனீவா உடன்படிக்கைகளை மதிப்பதோடு, மற்றவர்கள் மதிப்பதையும் உறுதிசெய்வது உறுப்பு நாடுகளின் கடமை என்கிறது அவற்றின் பொதுவான முதல் பிரிவு. எஃப்-35 விமான உதிரிபாகங்களை இஸ்ரேலுக்கு அனுப்புவதை நிறுத்துமாறு நெதர்லாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. முடிவெடுக்க வேண்டியது அரசுதான் என்று 2025 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியபோதும், ஆறு வாரங்களுக்குள் உரிமத்தை மறுபரிசீலனை செய்யுமாறு பணித்தது. குண்டு வீசுபவரை நீதிமன்றம் எட்ட முடியாத இடத்தில், குண்டு விற்பவரை எட்ட முடியும் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

இந்தியா எங்கே நிற்கிறது?

இந்தியா 1950-இலேயே ஜெனீவா உடன்படிக்கைகளை ஏற்றது. 1960-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. ஆனால், அரசுத் தரப்பு முறையிட்டால் மட்டுமே நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க முடியும் என்பதால் அந்தச் சட்டம் பெரும்பாலும் உறங்குகிறது. 1977-ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறைகளிலும் ரோம் சாசனத்திலும் ஆயுத வணிக ஒப்பந்தத்திலும் இந்தியா உறுப்பு நாடு அல்ல. பாதுகாப்பு அவைக்குத் தரப்பட்ட சிறப்பு அதிகாரம் உள்ளிட்ட நியாயமான ஆட்சேபங்கள் ரோம் சாசனத்தின் மீது இந்தியாவுக்கு உண்டு. எனினும், மருத்துவமனைப் பாதுகாப்பு வழக்காற்றுச் சட்டமாகவே எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துகிறது. இந்த ஒரு விதியிலாவது, எந்த நாடு மீறினாலும் ஒரே சொல்லில் கண்டிக்கும் மரபை இந்தியா வளர்த்துக்கொள்ளலாம். உலகின் தென்பகுதி நாடுகளின் குரல் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நாட்டுக்கு அது அதிகப்படியான கோரிக்கை அல்ல. அணுகுண்டும் எல்லைப் பதற்றமும் உள்ள நம் பிராந்தியத்தில், நாளை நம்முடைய எல்லையோர ஊர்களின் மருத்துவமனைகளையும் காக்கப்போவது இந்த விதிதான்.

ராஃபாவில் கிடைத்த கைப்பேசி ஓர் அதிகாரப்பூர்வ விளக்கத்தை மாற்றவைத்தது. அதை எடுத்தவர் உயிரோடு இல்லை. அவருடைய காணொளிக்கு மதிப்பு இருந்ததற்குக் காரணம், ஆம்புலன்ஸ் விளக்கு எரிந்தால் சுடக் கூடாது என்ற விதியைச் சுட்டவர்களும் ஒப்புக்கொண்டிருந்ததே. அந்த ஒப்புதலும் போய்விட்டால், எத்தனை காணொளிகள் கிடைத்தாலும் யாரும் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே இராது. விதி மீறப்படும் ஒவ்வொரு முறையும், அது யாருடைய மருத்துவமனை என்று பாராமல் கேள்வி கேட்பது நம்மால் இயன்றது. அதைச் செய்யாமல் சட்டம் செத்துவிட்டது என்று சொல்வதில் பொருளில்லை.